தரம் 9-க்குப் பிறகு வீட்டுக்கல்வி: இரசாயனச் செய்முறைக்கு உதவி தேவை (வெள்ளவத்தை)

மகளை அடுத்த வருஷத்திலிருந்து வீட்டிலேயே படிப்பிக்க முடிவு. கட்டாயக் கல்வி 16 வயது வரை என்பது தெரியும். அந்த விவாதம் இப்ப வேண்டாம். விடுகைப் பத்திரம் எடுத்துவிட்டால் அடையாள அட்டைக்கு அதிபர் வழி போகாது, கிராம உத்தியோகத்தர்தான். 15 வயதானதும் விண்ணப்பிக்கலாம்.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப்போகிறா. இரசாயனத்துக்கு ஆறாம் தாளைத்தான் பதியவேணும், அது செய்முறைக்கு மாற்றான எழுத்துத்தாள். கைதவறி ஐந்தைப் பதிந்தால் ஆய்வுகூடம் இல்லாமல் சரிவராது.

ஆனால் எழுத்துத்தாள் என்று லேசாக எடுக்கேலாது. பியூரெட்டில் (அடியில் திருகு வைத்த, அளவு குறித்த நீண்ட கண்ணாடிக் குழாய்) பூச்சியம் மேலே. திரவமட்டம் 24-க்கும் 25-க்கும் நடுவே நின்றால் 24.4 என்று வாசிக்கவேண்டியதை, அளவுச்சாடி மட்டும் பழகின பிள்ளை கீழிருந்து எண்ணி 25.6 என்று எழுதும். படத்தைக் காட்டி இது ஏறாது, கையில் பிடிக்கவேணும்.

கேட்பது இதுதான்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஆறு சனிக்கிழமைக்கு ஆய்வுகூடம் தரக்கூடிய டியூஷன் நிலையம் ஏதும் இருக்கா? தமிழில் விளங்கப்படுத்தும் ரீச்சர் என்றால் இன்னும் நல்லது. பாவித்த 50 மில்லிலீற்றர் பியூரெட்டும் தாங்கியும் விற்பனைக்கு இருந்தாலும் சொல்லுங்கோ. குழாய்த் திருகு ஒழுகாமல் இருந்தால் போதும்.