ஸ்பைருலினா சாப்பிட்டால் தொப்பை குறையுமா?

கேள்வி: வயது 42, எடை 88 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஜாஸ்தி. தெரிந்தவர் ஒருவர் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி மாத்திரை விற்கிறார், தொப்பை கரையும், நான் சைவம் என்பதால் எனக்கு இருக்கும் பி12 குறைபாடும் இதிலேயே சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில் 1: கரையாதுங்க. தினமும் சில கிராம் வீதம் சில மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சராசரியாக ஒன்றிரண்டு கிலோதான் குறைந்தது, அதுவும் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். டிரைகிளிசரைடு, கெட்ட கொழுப்பு இரண்டிலும் பலன் கொஞ்சம் பரவாயில்லை. 100 கிராமில் 60 கிராம் புரதம் என்று விளம்பரம் செய்வார்கள், உண்மைதான், ஆனால் நீங்கள் விழுங்கப்போவது 3 கிராம், அதில் 2 கிராம் புரதம்கூடத் தேறாது. ஒரு கிண்ணம் சுண்டலில் அதைவிட அதிகம்!

பதில் 2: பி12 விஷயத்தில் அவரை நம்பவே வேண்டாம் சார். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12, நம் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரை தனியாகப் போடுங்கள்.

பதில் 3: வாங்குவதென்றால் எங்கே வளர்த்தது என்று பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் தொட்டிகளில் வளர்க்கிறார்கள், அப்படிக் கட்டுப்பாட்டோடு வளர்த்தது தேவலை. ஏரியில் அள்ளும் நீலப்பச்சைப் பாசியில் வேறு பாசியும் கலந்து, கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு வரலாம். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குளோரெல்லா என்ற இன்னொரு பச்சைப்பாசி பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது, அதில் அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே உண்டு.

கேள்வி கேட்டவர்: வார்ஃபரின் எல்லாம் இல்லை. பி12 மட்டும் வாங்கிக்கொள்கிறேன், நன்றி.