வீட்டுப் போர்டிகோவில் உருட்டி நகர்த்தும் பட்டறை மேசை: சக்கரங்களை எப்படிப் பொருத்துவது?

கேள்வி: தாம்பரம் போர்டிகோ

வணக்கம். தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுப் போர்டிகோவில் 10 அடிக்கு 16 அடி இடம் இருக்கிறது. அங்கேதான் இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் மரவேலை பழகிவருகிறேன். இரண்டு முக்காலிகளும், ஒரு புத்தக அலமாரியும், பூசை அறைக்கு ஒரு சிறு கதவும் செய்து முடித்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும் வீட்டில் பயன்படாமல் கிடந்த ஒரு சாப்பாட்டு மேசையின் மேல் வைத்தே செய்தேன். இழைப்புளியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த மேசை ஒரு விரற்கடை நகர்ந்துவிடுவதால், இடுப்பால் மேசையைச் சுவரோடு அணைத்துக்கொண்டு இழைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒரு நல்ல பட்டறை மேசையை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் போதும். இரவில் இரண்டு ஸ்கூட்டர்களை உள்ளே நிறுத்த வேண்டியிருப்பதால், மாலையில் மேசை சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். காலையில் வெளிச்சம் விழும் நடுப்பகுதிக்கு வர வேண்டும். நான்கு கால்களுக்கு அடியிலும் பிரேக் உள்ள 4 அங்குலக் காஸ்டர் சக்கரங்களைப் பொருத்திவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஆனால் மழைத் தண்ணீர் வடிவதற்காக எங்கள் போர்டிகோத் தரை கேட்டை நோக்கிச் சற்றுச் சரிவாகப் போடப்பட்டிருக்கிறது. அந்தச் சரிவில் பிரேக் மட்டும் மேசையைப் பிடித்து நிறுத்துமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கால்களுக்கு எந்த மரம் வாங்குவது, மேற்பலகைக்கு பிளைவுட் போதுமா, மேசையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பவற்றையும் சொன்னால் உதவியாக இருக்கும். என்னிடம் கைரம்பம், டிரில், இழைப்புளி, மூன்று உளிகள், நான்கு சி-கிளாம்ப் ஆகியவை இருக்கின்றன.

பதில்: பழைய உளி

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சு வேலை செய்கிறவன் என்ற முறையில் முதலில் சக்கரத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காஸ்டர் சக்கரத்தில் இரண்டு அசைவுகள் உண்டு. சக்கரம் தன் அச்சில் சுற்றுவது ஒன்று. சக்கரத்தைத் தாங்கும் கழுத்து திரும்புவது மற்றொன்று. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிரேக், சக்கரத்தை மட்டுமே பிடிக்கிறது. கழுத்து விடுபட்டே இருக்கிறது. அதனால் நீங்கள் இழைப்புளியைத் தள்ளும்போது நான்கு கழுத்துகளும் தங்கள் பங்குக்குச் சற்றுத் திரும்பி, மேசை முன்னும் பின்னும் ஊசலாடும். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் சக்கரங்களும் விற்பனைக்கு உள்ளன. அவை நல்லவைதான், ஆயினும் கழுத்தில் உள்ள குண்டுகளுக்கு இடையே இருக்கும் சிறு இடைவெளியை எந்தப் பிரேக்கும் இல்லாமல் ஆக்கிவிடாது. உளியில் கொட்டாப்புளியால் அடிக்கும்போது அந்த ஆட்டம் கைக்குத் தெரியும். வேலை நடக்கும்போது மேசை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நகரும்போது மட்டுமே சக்கரம் தரையைத் தொட வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மேசையின் ஒரு முனையில் உள்ள இரண்டு கால்களின் வெளிப்பக்கத்தில், கழுத்து திரும்பாத இரண்டு சக்கரங்களைப் பொருத்துங்கள். சக்கரத்தின் அடி, தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு காலண்டர் அட்டையை மூன்று நான்காக மடித்து இடையில் செருகி அளவு பார்த்துக்கொள்ளலாம். மேசை சாதாரணமாக நிற்கும்போது சக்கரம் தரையில் படாது. மறுமுனையைப் பிடித்து மூன்று, நான்கு அங்குலம் தூக்கினால் சக்கரம் தரையில் பதிந்து, கால்கள் எழும்பிவிடும்; பிறகு கைவண்டியைப் போலத் தள்ளிக்கொண்டு போகலாம்.

கால்களுக்குப் புது மரம் வாங்குவதைவிட, பழைய வீடுகளை இடித்த மரம் விற்கும் கடைக்குப் போய்ப் பாருங்கள். பழைய நிலைச் சட்டங்களும் உத்தரங்களும் பல ஆண்டுகள் காய்ந்து அடங்கியவை, இனி முறுக்கிக்கொள்ளாது. வாங்குவதற்கு முன்னர் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி உங்கள் இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிடும். 3 அங்குலச் சதுரத்தில் நான்கு கால்களும், 4 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலத்தில் குறுக்குச் சட்டங்களும் எடுத்தால், எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கன அடிதான் வரும்; இழைப்புச் சேதத்துக்கும் சேர்த்து 2 கன அடி வாங்கிக்கொள்ளுங்கள். கால்களின் அடிமுனை தண்ணீரை உறிஞ்சும் இடம் என்பதால், அங்கே இரண்டு பூச்சு பெயின்ட் அடித்து, பழைய டயரில் வெட்டிய ரப்பர்த் துண்டை வைத்து ஆணி அடித்துவிடுங்கள்.

உயரத்துக்கு நாடாவைவிட உங்கள் உடம்பே சரியான அளவு. செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடியும் ரேகை எங்கே வருகிறதோ, அதுவே மேற்பலகையின் உயரம். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு அது பெரும்பாலும் 32 அங்குலத்தை ஒட்டி வரும்.

பதில்: மாடிப் பட்டறை

வணக்கம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் நான் ஒரு மேசை செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேலே அண்ணா சொன்னதைக் கேட்காமலேயே நான்கு கால்களுக்கு அடியிலும் சக்கரம் போட்டவள் நான். அதில் நேர்ந்த ஒரு தவற்றை மட்டும் சொல்கிறேன்.

சக்கரத்தின் தட்டைக் காலின் அடிமுனையில் நேராக வைத்து, 2 அங்குலத் திருகாணிகளால் முடுக்கினேன். மரத்தின் நார்கள் காலின் நீளவாட்டில் ஓடுவதால், அடிமுனையில் இறங்கும் திருகாணி நார்களுக்கு இணையாகப் போகிறது. குறுக்கே கடந்து போனால்தான் நார் அதைக் கவ்விப் பிடிக்கும். ஏழெட்டு மாதங்களில், வாசற்படியின் சிறு மேட்டில் சக்கரம் இடித்தபோது, ஒரு கால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இறங்கியது. மேலே இருந்த பசைப் புட்டி உருண்டு உடைந்தது. நல்லவேளையாக என் கால் அங்கே இல்லை. அதன் பிறகு, கீழ்க் குறுக்குச் சட்டங்களின் மூலையில் ஒரு தடித்த பலகையைப் பொருத்தி, சக்கரத் தட்டை அதில் ஊடுருவும் போல்ட், வாஷர், நட் கொண்டு இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை. நீங்கள் எந்த முறையில் சக்கரம் போட்டாலும், காலின் அடிமுனையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பிளைவுட் தாராளமாகப் போதும். 8 அடிக்கு 4 அடி அளவில், 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு பலகை வாங்கினால், அதிலிருந்து 4 அடிக்கு 2 அடி என்ற அளவில் நான்கு துண்டுகள் கிடைக்கும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் தடவி ஒட்டி, கீழ்ப்பக்கத்திலிருந்து திருகாணிகளால் இறுக்கினால் 36 மில்லிமீட்டர் மேற்பலகை ஆகிவிடும். மூன்றாவது துண்டு கீழ்த்தட்டு. நான்காவதைப் பின்புறக் கால்களுக்கு இடையே அடைத்துவிடுங்கள். மேசை நீளவாட்டில் சாய்ந்தாடுவதை அந்த ஒரு பலகை தடுக்கும் அளவுக்கு வேறு எதுவும் தடுப்பதில்லை. போர்டிகோவில் சாரல் அடிக்கும் என்பதால் உள்ளறைக்கான சாதாரணப் பலகையைத் தவிர்த்து, தண்ணீர் தாங்கும் தரத்தை வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்பலகையின் மேல் 6 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்றை, பசை தடவாமல், பத்துத் திருகாணிகளால் மட்டும் பொருத்திவிடுங்கள். திருகாணித் தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். டிரில் துளைகளும் உளிக் காயங்களும் அதில்தான் விழும். தேய்ந்ததும் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பதில்: தாம்பரம் போர்டிகோ

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரு சக்கர முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்கு வயது 57. இடுப்பில் தேய்மானம் இருப்பதால் குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மேசையின் எடை 60 கிலோவைத் தாண்டும் என்று தோன்றுகிறது. அதில் பாதியை நாள்தோறும் இரண்டு முறை என்னால் தூக்க இயலாது. தூக்காமலேயே சக்கரத்தைத் தரையில் இறக்க வழி உண்டா?

பதில்: இரும்புச் சட்டம்

உண்டு ஐயா, கையால் தூக்க வேண்டியதைக் காலால் மிதித்துத் தூக்கலாம். நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். எங்கள் பட்டறையின் மேசை இரும்பால் ஆனது என்றாலும், சக்கர அமைப்பை மரத்தில்தான் செய்தோம், அதையே உங்களுக்கும் விவரிக்கிறேன்.

மேசையின் இரண்டு குறுகிய பக்கங்களிலும், தரையிலிருந்து சுமார் 4 அங்குல உயரத்தில், இரண்டு கால்களையும் இணைத்து ஒரு சட்டம் இருக்கட்டும். அந்தச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில், ஒன்றரை அங்குலத் தடிமனும் 6 அங்குல அகலமும் உள்ள ஒரு பலகையை மூன்று உறுதியான கீல்களால் மாட்டுங்கள். பலகையின் அடியில் இரண்டு ஓரங்களிலும் 3 அங்குலக் காஸ்டர் ஒவ்வொன்றைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். 3 அங்குலச் சக்கரம், தட்டு, கழுத்து எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 அங்குல உயரம் இருக்கும் என்றாலும், வாங்கிய சக்கரத்தை அளந்த பிறகே சட்டத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். இப்போது பலகையின் வெளி விளிம்பை மிதித்தால் சக்கரம் தரையை அழுத்தும். மேசையின் அந்த முனை அரை அங்குலம் எழும்பும். எழும்பிய நிலையிலேயே நிற்பதற்கு, மேலே உள்ள சட்டத்தில் கீல் போட்டு ஒரு முட்டுக்கட்டையைத் தொங்கவிட வேண்டும். பலகை கீழே போனதும் அது தானாக வந்து பலகையின் மேல் நின்றுகொள்ளும். இறக்கும்போது பலகையைச் சற்று மிதித்து, முட்டுக்கட்டையில் கட்டிய கயிற்றை இழுத்தால் போதும். சக்கரங்களைக் கீலுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு மிதிப்பது எளிது. உங்கள் உடல் எடையே வேலையைச் செய்துவிடும். இடுப்பு வளைய வேண்டியதில்லை.

சக்கரம் வாங்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். மேசையும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், நான்கால் வகுத்து 25 கிலோ என்று எண்ணக் கூடாது. தரை எங்கும் முழு மட்டமாக இருப்பதில்லை. நான்கு சக்கரங்களில் மூன்றுதான் பெரும்பாலான நேரம் பாரம் தாங்கும். ஆகவே ஒவ்வொன்றும் 50 கிலோவாவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். நைலான் சக்கரம் டைல்ஸின் மேல் கடகடவென்று ஒலிக்கும், சிறு மணல் துகளிலும் தடுக்கும். பாலியூரித்தேன் சக்கரம் அமைதியாக ஓடும், தரையில் கறையும் படியாது.

சரிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 100 அடிக்கு ஓர் அடி என்ற சரிவே இருந்தாலும், 4 அடி நீளத்துக்கு அரை அங்குல வேறுபாடு வந்துவிடும். மேசையைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தினால் நீளவாட்டில் மட்டமாகிவிடும். அகலவாட்டில் கால் அங்குலம்தான் மிஞ்சும். அதைத் தாழ்வான பக்கத்தில் உள்ள இரண்டு கால்களின் ரப்பரைத் தடிமனாக்கிச் சரிசெய்துகொள்ளலாம். நாள்தோறும் மேசை அதே இடத்தில், அதே திசையில் நிற்க வேண்டும் என்பதால், நான்கு கால்களின் இடத்தையும் தரையில் பெயின்டால் குறித்துவிடுங்கள். மேசை சக்கரத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் கையை எடுத்துவிட்டு நகராதீர்கள். இரண்டு சக்கரங்களுக்காவது பிரேக் இருக்கட்டும்.

பதில்: பழைய உளி

இடுப்புத் தேய்மானம் இருப்பவருக்கு இரும்புச் சட்டம் தம்பி சொன்ன முறையே சரியானது. என் யோசனையை விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கீல்களைக் கதவுக் கீல் அளவில் மெல்லியதாக வாங்காதீர்கள். மேசையின் முழுப் பாரமும் அந்தக் கீல்களின் ஆணியில்தான் இறங்கும். 4 அங்குல இரும்புக் கீலாக, திருகாணிக்குப் பதில் ஊடுருவும் போல்ட் போடத் தக்கதாகப் பார்த்து வாங்குங்கள்.

பதில்: தாம்பரம் போர்டிகோ

அனைவருக்கும் வணக்கம். ஆறு வாரங்களில் மேசை முடிந்துவிட்டது. பழைய மரக்கடையில் கிடைத்த தேக்கு நிலைச் சட்டத்திலிருந்து கால்களை எடுத்தேன். காந்தத்தை ஓட்டியதில் ஐந்து ஆணிகள் அகப்பட்டன. உயரம் 32 அங்குலம்.

மிதிப் பலகையில் முதலில் ஒரு சிக்கல் வந்தது. மேசையைத் தள்ளும்போது, டைல்ஸின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் முட்டுக்கட்டை வழுக்கி விலகி, அந்த முனை சட்டென்று கீழே இறங்கியது. பலகையின் மேல் முட்டுக்கட்டை அமரும் இடத்தில் உளியால் கால் அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம் செதுக்கினேன். கட்டையின் நுனி அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்வதால், அதன் பிறகு ஒருமுறைகூட விலகவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்தேன். நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, ஒரு வேம்புப் பலகையை ஒரு மணி நேரம் இழைத்தேன். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது, நான்கு கோடுகளும் கால்களை ஒட்டி அப்படியே இருந்தன. மாலையில் என் மனைவியே ஒற்றைக் காலால் மிதித்து, மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஸ்கூட்டரை உள்ளே கொண்டுவந்தார்.

அடுத்து, பலகையை இறுகப் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஒன்றை வாங்க இருக்கிறேன். அதை எந்த மூலையில் பொருத்துவது நல்லது?

பதில்: பழைய உளி

நீங்கள் வலக்கைக்காரராக இருந்தால், மேசைக்கு முன்னால் நிற்கும்போது உங்களுக்கு இடப்புறம் வரும் முன்மூலையில், காலை ஒட்டிப் பொருத்துங்கள். வலமிருந்து இடமாக இழைக்கும்போது பலகையின் முன்முனையை வைஸ் பிடித்துக்கொள்ளும். தள்ளும் விசை காலின் வழியாக நேரே தரைக்குப் போய்விடும். வைஸின் மேல்விளிம்பு மேற்பலகையின் மட்டத்தைவிட ஒரு நூல் தாழ்ந்தே இருக்கட்டும், பெரிய பலகைகளை மேசையின் மேல் கிடத்தும்போது இடிக்காது. வாய்க்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துத் திருகிக்கொள்ளுங்கள்.

பதில்: தாம்பரம் போர்டிகோ

வலக்கைதான் ஐயா. இடது முன்மூலையில் துளைக்கு இடம் குறித்துவிட்டேன்.