விற்பவருக்கு மதிப்பு தெரியவில்லை. வாங்குபவர் சொல்ல வேண்டுமா?

லென்ஸ்காரன்:
பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கிச் சரிசெய்து விற்பது என் தொழில். ஒருவர் தன் அப்பாவின் கேமராவைக் கொண்டுவந்தார். கேமரா சாதாரணம்தான், அதில் மாட்டியிருக்கும் லென்ஸ் அரிது. அவர் கேட்ட விலையைவிடப் பல மடங்கு போகும். அது அவருக்குத் தெரியாது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் வாங்கிக்கொள்வது ஒரு கிறிஸ்தவ விசுவாசிக்குத் தகுமா? பார்த்ததும் அடையாளம் காணும் கண் எனக்கும் சும்மா வரவில்லையே. இன்னும் பணம் கொடுக்கவில்லை.

பதில் 1:
விலை சொன்னது அவர். நீங்கள் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. கள்ளத்தராசு என்று வேதம் கண்டிப்பது விற்பவனைத்தான். வாங்குங்கள்.

பழைய வியாபாரி:
விற்பவனை மட்டுமா? விற்றாலும் வாங்கினாலும் அநியாயம் செய்யாதே என்று லேவியராகமம் 25:14 இரண்டு பேரையும் சேர்த்தே கட்டுகிறது. நீதிமொழிகள் 20:14 இன்னும் குறும்பு: வாங்குகிறவன் ‘நல்லதல்ல, நல்லதல்ல’ என்பான், போன பிறகு மெச்சிக்கொள்வான். (லென்ஸில் ஃபங்கஸ் என்று உதட்டைப் பிதுக்குவது உங்கள் தொழிலிலும் உண்டுதானே!)

உங்கள் கேள்வியை 13ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பேசிவிட்டார். பொன்னைப் பித்தளை என்று நினைத்து ஒருவன் விற்கும்போது, தெரிந்தே வாங்கினால் அது அநியாயம், ஈடுசெய்ய வேண்டும் என்கிறார். ஆனால் தானிய வியாபாரியிடம் அவ்வளவு கறார் இல்லை. பின்னால் இன்னும் சரக்கு வருகிறது, விலை இறங்கும் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இன்றைய விலைக்கு விற்றால் நீதி மீறல் இல்லை, சொன்னால் இன்னும் மேன்மை, அவ்வளவுதான். நாளைய விலை எப்படியும் மாறலாம். கையில் இருக்கும் பொருள் எது என்பது மாறாது. உங்கள் லென்ஸ் அந்தப் பொன்னின் வகை.

கண்ணுக்குக் கூலி உண்டு. கழற்றிச் சுத்தம் செய்வதற்கு, ஆள் தேடுவதற்கு, விற்காமல் கிடந்தால் வரும் நஷ்டத்துக்கு என்று லாபம் வையுங்கள், தப்பில்லை. அவருடைய அறியாமைக்கு மட்டும் லாபம் வைக்காதீர்கள். பழங்காலக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் ஒருவரைப் பற்றி எழுதுகிறார்: கையெழுத்துப் பிரதியின் மதிப்பு தெரியாமல் குறைத்துக் கேட்டவருக்கு, அவர் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்த மனிதர்.

லென்ஸ்காரன்:
ஏலத்தில் திறக்காத பெட்டியாக வாங்குகிறேனே, அதிலும் இப்படிக் கிடைக்குமே?

பழைய வியாபாரி:
உள்ளே என்ன என்று அங்கே இருவருக்குமே தெரியாது. குப்பையாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. தாராளமாக வாங்குங்கள். இவரிடம் லென்ஸின் பெயரைச் சொல்லி, விற்றுத் தருகிறேன், கமிஷன் இவ்வளவு என்று பேசிப் பாருங்கள்.

லென்ஸ்காரன்:
கமிஷன் சரிதான். பெயரைச் சொன்னதும் வேறு ஆளிடம் போய்விட்டால்?

பழைய வியாபாரி:
போகலாம்தான். பொருள் இன்னும் அவருடையதுதானே.