அன்இன்ஸ்டாலுக்கு ஒரு சொல் போதாது

அன்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள்களைத் தமிழாக்கும் நமக்குள், இன்ஸ்டாலுக்கு "நிறுவு" என்பதில் சண்டை இல்லை. சிலையை நிறுவுகிறோம், சங்கத்தை நிறுவுகிறோம், மென்பொருளையும் நிறுவிவிட்டோம். அன்இன்ஸ்டால்தான் இடிக்கிறது. "நிறுவல்நீக்கு" பொத்தானில் கிடக்கும்வரை பரவாயில்லை; வாக்கியத்துக்குள் வந்தால் நொண்டுகிறது. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஆடாசிட்டியை நிறுவல்நீக்கினேன்" என்றால் நான் நீக்கியது ஆடாசிட்டியையா, நிறுவலையா? ஒரு வினைக்கு இரண்டு செயப்படுபொருள் மல்லுக்கட்டுகின்றன. "அகற்று" என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆடாசிட்டியை அகற்றினேன், அவ்வளவுதான்.

ஆனால் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களின் பக்கம் வந்தால் ஒரு சொல் போதாது. அங்கே மென்பொருளை எடுக்க இரண்டு கட்டளைகள்: ரிமூவ் வேறு, பர்ஜ் வேறு. உபுண்டு 22.10 முதல் கணினியின் ஒலியைக் கையாளும் ஒலிச் சேவையகமாகப் பல்ஸ்ஆடியோவின் இடத்தில் பைப்வயர் வந்துவிட்டது. பழைய பல்ஸ்ஆடியோ பொதியை (அங்கே மென்பொருள் வந்துசேரும் கட்டு) ரிமூவ் செய்தால் நிரல் போய்விடும். கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவில் அதன் அமைப்புக் கோப்புகள் அப்படியே இருக்கும். பொதிப் பட்டியலில் அந்த வரியின் தொடக்கத்தில் "ஆர்சி" (rc) என்று இரண்டு எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்: ஆள் போயாச்சு, அமைப்பு இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர் சாமானை ஏற்றிக்கொண்டு போன பிறகும் சுவரில் ஆணியும் காலண்டரும் தொங்குமே, அதுபோல. பர்ஜ் அந்த ஆணியையும் பிடுங்குகிறது.

இதற்கு நண்பர் ஒருவர் "வேரறு" என்று முன்மொழிந்தார். ஒரு பொத்தான் பயனரைப் பார்த்துப் பேசக்கூடிய தொனியா அது? சினிமா வசனம் மாதிரி இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, அது உண்மையும் இல்லை. போன வருடம் ஆடாசிட்டியில் மடிக்கணினியின் உள் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துபோனேன். பதிவு முழுக்க விசிறிச் சத்தம். எங்கோ கோளாறு என்று பர்ஜ் செய்து மீண்டும் நிறுவினேன். திறந்தால் அதே உள் மைக்! தவறு மென்பொருளுடையது அல்ல. என் தேர்வு, பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவில், புள்ளியில் தொடங்கும் மறைவான அடைவு ஒன்றில் பத்திரமாக இருந்தது. பயனரின் முகப்பு அடைவைப் பர்ஜ் தொடாது, தொடவும் கூடாது. வேர் அங்கேதான் இருந்தது.

"களை" என்று இன்னொரு யோசனை வந்தது. "குறைகளைக் களைய" என்று எழுதிப் பழகிய சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் பொத்தானில் தனியாக நின்றால் வயலில் முளைத்த களையா, முகத்தில் வரும் களையா என்று விழிக்க வேண்டியதுதான்.

என் பரிந்துரை: ரிமூவுக்கு "அகற்று", பர்ஜுக்குத் "துடைத்தகற்று". இரண்டும் ஒரே குடும்பம் என்று பார்த்ததும் தெரியும். பின்னது கொஞ்சம் கூடுதல் வேலை என்பதும் தெரியும். "பொதியைத் துடைத்தகற்றினேன்" என்று வேற்றுமை உருபும் ஒழுங்காக உட்காருகிறது. துணைக்கு வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாத சார்புப் பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவுக்குத் "தானே அகற்று" போதும். "நீக்கு" என்பதைக் கோப்புக்கும் வரிக்கும் விட்டுவிடலாம்.

அப்புறம் அந்த "ஆர்சி" நிலை. "அகற்றப்பட்டது, அமைப்புகள் உள்ளன" என்று எழுதிப் பார்த்தேன். பட்டியலின் ஒடுக்கமான பத்தியில் அடங்கவில்லை. யாரிடமாவது இதைவிடக் குட்டையாக ஒன்று இருக்கிறதா?