உலகத் தலைமை பிரிட்டனிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது எப்போது?

கேள்வி: கடலோடி

பிரிட்டனிடமிருந்த உலகத் தலைமை அமெரிக்காவின் கைக்குப் போனதற்கு எகிப்து அரசுடைமையாக்கிய சூயஸ் கால்வாயை மீட்க பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்துப் பின்வாங்க நேர்ந்த 1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியையே பெரும்பாலானோர் அடையாளமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். இரண்டு உலகப் போர்களிலும் ஒரே அணியில் நின்ற இரு நாடுகளுக்கிடையே, ஒருவர் மீது ஒருவர் ஒரு குண்டுகூடச் சுடாமல், இவ்வளவு பெரிய மாற்றம் ஒரே வாரத்தில் நடந்திருக்க முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பேரேடு

சூயஸில் நடந்தது, விற்றுவிட்ட வீட்டுக்கு வாங்கியவர் வந்து பூட்டுப் போட்டது போன்றதுதான். கிரயம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1940 செப்டம்பரில், ஜெர்மன் நீர்மூழ்கிகளிடம் கப்பல்களை இழந்து திணறிக்கொண்டிருந்த பிரிட்டன், அமெரிக்காவின் 50 பழைய நாசகாரிக் கப்பல்களைப் பெறுவதற்காக, ஜமைக்கா, டிரினிடாட், பஹாமாஸ் முதலிய தன் ஆட்சிப்பகுதிகளில் தளம் அமைக்கும் உரிமையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. வந்த கப்பல்களில் பலவற்றைப் பழுது பார்த்த பிறகே பயன்படுத்த முடிந்தது என்பது தனிக்கதை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்த சில நாட்களிலேயே, நேச நாடுகளுக்கு உடனே பணம் கேட்காமல் தளவாடங்கள் தந்துவந்த போர்க்காலக் கடன்-குத்தகை உதவியை அமெரிக்கா நிறுத்திவிட்டது. பிரிட்டனின் சார்பில் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் வாஷிங்டனுக்குப் போனபோது நன்கொடையோ வட்டியில்லாக் கடனோ கிடைக்கும் என்று நம்பியிருந்தார். கிடைத்ததோ 2 சதவீத வட்டிக்கு 375 கோடி டாலர் கடன். அதைவிடக் கடுமையானது, பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 1947 ஜூலை 15 அன்று அது நடைமுறைக்கு வந்ததும், பவுண்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் டாலர் கேட்டு நின்றார்கள். கையிருப்பு கரைந்ததால் ஆகஸ்ட் 20 அன்று அரசு பின்வாங்கியது. அந்தக் கடனின் கடைசித் தவணை 2006 டிசம்பரில்தான் செலுத்தப்பட்டது.

மறுமொழி: வடகடல்

நண்பர் பேரேடு பணக்கணக்கை மட்டும் பார்க்கிறார். தனக்கு அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளின் கூட்டு வலிமைக்குக் குறையாமல் தன் படை இருக்க வேண்டும் என்று 1889-இல் சட்டமே இயற்றிய நாடு, 1922-இன் வாஷிங்டன் உடன்படிக்கையில் பெரும் போர்க்கப்பல்களில் அமெரிக்காவுக்குச் சமநிலையை ஒப்புக்கொண்டதையே நான் திருப்புமுனை என்பேன். 1902 முதல் இருந்துவந்த ஜப்பானியக் கூட்டணியும் அதே மாநாட்டில்தான் கைவிடப்பட்டது. ஒரே அணி என்பதால் சந்தேகம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனோடு போர் மூண்டால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க ராணுவம் 'சிவப்புத் திட்டம்' என்றொரு திட்டமே வகுத்து வைத்திருந்தது.

மறுமொழி: அயலவன்

பறிக்கப்பட்டவை மட்டுமல்ல, பிரிட்டன் தானாக ஒப்படைத்தவையும் உண்டு. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனி உதவ இயலாது என்று 1947 பிப்ரவரியில் அமெரிக்காவுக்குத் தெரிவித்தது பிரிட்டன்தான். அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் ட்ரூமன் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

கடலோடி:

நன்றி. அப்படியானால் சூயஸில் அமெரிக்கா உண்மையில் என்னதான் செய்தது?

பேரேடு:

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உதவாமல் இருந்தது, அவ்வளவே. படையெடுப்புக்கு முன்னின்று ஆதரவு தந்த நிதியமைச்சர் மாக்மில்லனே, பவுண்டு ஆட்டம் கண்டதும், போரை நிறுத்தியாக வேண்டும் என்று அமைச்சரவையில் வாதாடினார். பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்) பணம் கேட்கலாம் என்றால், அங்கே அமெரிக்காவின் இசைவின்றி எதுவும் நகராது. அமெரிக்க அதிபர் ஐசனோவரோ முதலில் போர் நிற்க வேண்டும் என்றார். கால்வாயின் வடமுனையிலுள்ள போர்ட் சையதில் இறங்கிக் கால்வாய் ஓரமாகத் தெற்கே முன்னேறிக்கொண்டிருந்த படைகள் நவம்பர் 6 நள்ளிரவில் அப்படியே நின்றன. அப்போதும் பணம் வரவில்லை. படையை முழுமையாக விலக்கிக்கொள்ள பிரிட்டன் ஒப்புக்கொண்ட பின்னரே, டிசம்பரில், நிதியத்தின் கதவு திறந்தது.