எக்ஸ்7 மூஞ்சிக்குப் பழகிரலாம், எங்க தெரு அதுக்குப் பழகுமா?

கரிசல்_டீசல் (செங்கோட்டை):
வீட்ல இப்போ இன்னோவா கிரிஸ்டா ஓடுது. அடுத்து ஏழு சீட்டுல பெருசா ஒண்ணு பாக்கோம். பி.எம்.டபிள்யூ எக்ஸ்7, மெர்சிடிஸ் ஜி.எல்.எஸ், லேண்ட் க்ரூஸர் 300, இந்த மூணுதான் பேச்சு. எக்ஸ்7-ஐ நேர்ல பாத்ததுல இருந்து வீட்ல ரெண்டு கட்சி. அந்த கிரில்லும் ரெண்டா பிளந்த லைட்டும் ஒருத்தருக்குப் பிடிக்கி, ஒருத்தருக்கு ஆகல.

அதைவிட அளவுதான் யோசனை. தெரு 15 அடி, கேட் 10 அடி, போர்ட்டிகோ நீளம் 18 அடி. மாசத்துல பாதி நாள் புளியரை மலை ஏறி கேரளாப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் போக வேண்டியிருக்கு. அப்பாவும் அம்மாவும் கூட வருவாங்க. ஷோரூம்ல கேட்டா "தாராளமா போகும் சார்"ங்காங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பம்பர்_பாண்டி:
மூஞ்சியைப் பத்தி மட்டும் நான் சொல்லுதேன். 2018-ல வந்த எக்ஸ்7-க்கு முழு ஹெட்லைட். 2022-ல முகம் மாத்தினப்போதான் பிளந்தாங்க. மேல தெரியுற மெல்லிசு கோடு பகல் விளக்கும் இண்டிகேட்டரும் மட்டுந்தான். ரோட்டுக்கு வெளிச்சம் போடுறது கீழ கருப்புக் குழிக்குள்ள இருக்கிற யூனிட். 2019-லேயே டாடா ஹாரியர் இந்த வேலையைப் பண்ணிட்டு, அதனால நம்ம ஊர்க் கண்ணுக்கு இது புதுசு இல்ல. லைட்டு கீழ இருந்தா எதிர்ல வாரவன் கண்ணு கூசுறது குறையும், அது நல்ல விஷயம். ஆனா அந்த யூனிட் உக்காந்திருக்கிற இடம் சரியா பம்பர் மூலை, ஆட்டோவோட பின்மூலை உரசுற உயரம். விரிசல் விட்டா பல்பு மாத்துற கதை கிடையாது, யூனிட்டையே கழத்திப் புதுசு போடணும். பம்பர்-டு-பம்பர் இன்சூரன்ஸ் (பார்ட்ஸ் தேய்மானம் கழிக்காதது) இல்லாம இந்த வண்டியை எடுக்காதீங்க.

கிரில் அவ்வளவு பெருசா இருக்கிறது காத்துக்காக இல்ல. உள்ள மடல் இருக்கு, இஞ்சின் சூடு கேக்கும்போதுதான் திறக்கும், மத்த நேரம் மூடியேதான் கெடக்கும். பானெட் உயரமான வண்டி, அதுல சின்ன கிரில் வச்சா நெத்தியில பொட்டு வச்ச மாதிரி நிக்கும், அதான் பெருசாக்கிட்டாங்க. கருப்புக் கலர் எடுத்தா பாதி அடங்கிரும். வெள்ளையில எடுத்தா அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். என் கண்ணுக்குப் பக்கவாட்டுல எக்ஸ்7 அழகு, முன்னால நின்னு பாக்க ஜி.எல்.எஸ். 2023 ஃபேஸ்லிஃப்ட்ல கிரில்லுக்கு நாலு குறுக்குப் பட்டை குடுத்தாங்க, அவ்வளவுதான். ஆர்ப்பாட்டம் இல்ல.

வரைபடம்_வேலு:
அழகு அவங்கவங்க இஷ்டம், அளவு அப்படி இல்ல. கேட்டலாக்ல போடுற அகலம் பக்கக் கண்ணாடி (மிரர்) சேராத அகலம். எக்ஸ்7 கேட்டலாக்ல 2000 மி.மீ., கண்ணாடி விரிச்சா 2218. ஜி.எல்.எஸ் 1956, கண்ணாடியோட 2157. லேண்ட் க்ரூஸர் உடம்பு 1980. உங்க கிரிஸ்டா 1830, அதுவும் கண்ணாடி இல்லாமத்தான். அதனால உடம்பை உடம்போடயும் கண்ணாடியைக் கண்ணாடியோடயும் ஒப்பிடுங்க.

18 அடின்னா 5486 மி.மீ. இப்போதைய எக்ஸ்7 நீளம் 5181, மிச்சம் ஒரு அடி. ஜி.எல்.எஸ் 5207, மிச்சம் 28 செ.மீ. ரெண்டுலயும் கேட்டைச் சாத்திட்டு பின்கதவைத் திறக்கலாம்ங்கிற எண்ணமே வேண்டாம். எக்ஸ்7 பின்கதவு ரெண்டு துண்டு. மேல் துண்டை மட்டும் திறந்து சின்ன சாமான் எடுத்துக்கிடலாம். கீழ்த் துண்டு வெளிய மடங்கி விழும், அதுக்கும் இடம் வேணும்.

கேட் 10 அடின்னாலும் ரெண்டு பக்கமும் கதவு உள்பக்கம் மடங்கி நிக்கும், கீல் இருக்கும், சுத்தமா 2.9 மீட்டர் கிடைச்சா பெருசு. நேரா வந்தா பக்கத்துக்கு 34 செ.மீ. இருக்கு, போயிரும். தெருவுல இருந்து திரும்பி ஏறும்போதுதான் வம்பு. எக்ஸ்7 திரும்பு வட்டம், அதாவது முழுசா ஒடிச்சுச் சுத்தினா வர்ற வட்டத்தோட விட்டம், 13 மீட்டர். முழு ஸ்டியரிங் ஒடிச்சா முன்வெளி மூலைக்கும் பின்உள் பக்கத்துக்கும் நடுவுல ஏறக்குறைய மூணே கால் மீட்டர் அகலத்துக்கு வண்டி வழிச்சிக்கிட்டுப் போகும். 2.9-க்குள்ள ஒரே திருப்புல ஏறாது. ஒரு தடவையாவது பின்னால எடுத்துத்தான் நுழைக்கணும். ஜி.எல்.எஸ் 12.5 மீட்டர், பெரிய வித்தியாசம் இல்ல. கேட்டை 12 அடி ஸ்லைடிங்கா மாத்துற செலவை வண்டி விலையோடயே சேத்து எழுதிக்கிடுங்க.

சந்தேகம்னா சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்க. 5.2 x 2.2 மீட்டர் கட்டம், தெருவுல ஒண்ணு, போர்ட்டிகோவுல ஒண்ணு. போர்ட்டிகோ கட்டத்துக்கு வெளிய பெரியவங்க இறங்குற கதவுப் பக்கம் 90 செ.மீ.யாவது இருக்கணும். 60 இருந்தா நாம சாய்ஞ்சு இறங்கிரலாம், அவங்களால முடியாது.

புனலூர்_ரூட்:
வேலு அண்ணாச்சி வீட்டுக் கணக்கைச் சொல்லிட்டாங்க, நான் மலையைச் சொல்லுதேன். எல்லாரும் "வீல்பேஸ் நீளம், ஹேர்பின்ல திரும்பாது"ன்னு பயப்படுவாங்க. வீல்பேஸ்ங்கிறது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம். கணக்கு அப்படி வரல. வளைவுல பின்சக்கரம் உள்ள இழுக்கிற அளவு, வீல்பேஸைத் தன்னாலேயே பெருக்கி, வளைவு ஆரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா கிடைக்கும். 15 மீட்டர் ஆரம்னு வச்சிக்கிடுங்க. எக்ஸ்7-க்கு (3105 மி.மீ.) 32 செ.மீ., லேண்ட் க்ரூஸருக்கு (2850) 27. அஞ்சு செ.மீ.க்கா இவ்வளவு பேச்சு?

அதே வளைவுல 6 மீட்டர் வீல்பேஸ் பஸ்ஸு 1.2 மீட்டர் உள்ள இழுக்கும். அதனாலதான் டிரைவர் முன்னால அகலமா எடுத்து நம்ம பக்கம் வாராரு, வேற வழி கிடையாது அவருக்கு. புளியரை எஸ் வளைவுல கொல்லம் பஸ்ஸோ கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏத்திப் போற டாரஸ் லாரியோ எதிர்ல வந்தா, வளைவுக்கு முன்னாலேயே நில்லுங்க. மூக்கை உள்ள விட்டுட்டு அப்புறம் ரிவர்ஸ் தேடக் கூடாது. சட்டப்படி பஸ் அகலம் 2.6 மீட்டர் வரைக்கும் இருக்கலாம். 7 மீட்டர் ரோட்டுல உங்க 2.2-ஐயும் கழிச்சா ரெண்டு மீட்டர் சொச்சம் மிச்சம், நல்லாவே போகலாம். 5.5 மீட்டர் ரோட்டுல மிச்சம் 70 செ.மீ. கூட இல்ல, அதுலயும் பஸ் கண்ணாடியை இன்னும் கழிக்கல. பண்பொழி, மேக்கரை வழியா அச்சன்கோவில் போற பழக்கம் இருந்தா, அதுக்குக் கிரிஸ்டாவை வித்திராதீங்க. ஐயப்ப சீசன்ல சொல்லவே வேண்டாம்.

அப்புறம் டயர். எக்ஸ்7-ல 22 இஞ்ச் வீல் எடுத்தா முன்னால 275/40, பின்னால 315/35. முதல் எண் டயர் அகலம் மி.மீ.ல, அடுத்தது அதுல எத்தனை சதவீதம் ரப்பர் உயரம்னு. ரெண்டுலயும் ரப்பர் உயரம் 110 மி.மீ.தான், குழியில விழுந்தா ரிம் அடி வாங்கும். முன்பின் அளவு வேறங்கிறதால டயரை முன்னால பின்னால மாத்திப் போடவும் முடியாது. 21 இஞ்ச் 285/45 கிடைச்சா 128 மி.மீ., நாலும் ஒண்ணு. அழகுக்காக 22 போகாதீங்க.

கிளட்ச்_கனி:
ஒரு விஷயத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. இந்தியாவுல வந்த லேண்ட் க்ரூஸர் 300 அஞ்சு சீட்டு. ஏழு பேருக்குன்னா அது லிஸ்ட்லேயே இருக்கக் கூடாது.

பாண்டி அண்ணே, மூஞ்சியை அழகு மட்டும்னு விட்டுட்டீங்களே. அமெரிக்காவுல ஐ.ஐ.எச்.எஸ்.ங்கிற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. பானெட் 40 அங்குலத்துக்கு மேல உயரமான வண்டி மோதினா, 30 அங்குலம் அல்லது அதுக்குக் கீழ சரிஞ்ச மூக்கு உள்ளதைவிட, நடந்து போறவங்க சாகுற வாய்ப்பு 45 சதவீதம் கூடுதல்னு வந்தது. 15 அடித் தெருவுல பிள்ளைங்க விளையாடும். கிளம்பும்போது முன் கேமராவைப் போட்டுப் பாக்குறதைக் கட்டாயமாக்குங்க. 360 கேமராவுல தூரம் நெசத்தைவிடக் கூடுதலாத் தெரியும், அதையும் நம்பி உரசாதீங்க.

ஏழு சீட்டு வேணும், தெருவும் சின்னதுன்னா வால்வோ எக்ஸ்சி90 பாருங்க. நீளம் 4953, உடம்பு 1923, திரும்பு வட்டம் 11.8 மீட்டர். மூணாவது வரிசை பிள்ளைங்களுக்குத்தான் சரிப்படும், பெரியவங்களை நடு வரிசையில வையுங்க. ஜி.எல்.எஸ்-ல மூணாவது வரிசையில ஆறடி ஆளும் உக்காரலாம், அதுல அதை அடிச்சிக்க ஆளில்ல.

கரிசல்_டீசல்:
லேண்ட் க்ரூஸரை லிஸ்ட்ல இருந்து தூக்கியாச்சு. கேட்டுக்கு முன்னால வாறுகால் (சாக்கடை) மேல 4 இஞ்ச் சிலாப் கெடக்கு. தாங்குமா?

வரைபடம்_வேலு:
தாங்காது தம்பி. வண்டி மட்டும் ரெண்டரை டன், ஏழு பேரும் சாமானும் ஏறினா மூணு டன்னைத் தாண்டும். ஒரு சக்கரத்துக்கு 750, 800 கிலோ ஒரே இடத்துல உக்காரும், அதுவும் திரும்பிக்கிட்டே ஏறும்போது விளிம்புல. 6 இஞ்ச், ரெண்டு பக்கமும் கம்பி கட்டி அங்கேயே வார்த்திருங்க. வண்டி வந்து ஏறுறதுக்குள்ள 28 நாள் தண்ணி காட்டி முடிச்சிருக்கணும். கேட் வேலையும் அதோட சேத்தே முடிஞ்சிரும்.