பள்ளிச் சுவரை ஒட்டியே சிகரெட் விற்பனை, உதவி தேவை

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில என் பையன் படிக்கிற பள்ளியோட காம்பவுண்டு சுவரை ஒட்டியே ரெண்டு பெட்டிக்கடை இருக்கு. ஜூன்ல பள்ளி திறந்ததுல இருந்து, சாயங்காலம் பெல் அடிச்சதும் ஒன்பதாவது, பத்தாவது பசங்க யூனிஃபார்மோடயே சில்லறை சிகரெட் வாங்குறாங்க. வாசம் தெரியாம இருக்கப் புதினா மிட்டாயும் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கிறார்.

அவர்கிட்ட நேர்ல பேசினேன். "சிகரெட்டுக்கு வர்றவங்கதான்க்கா டீயும் பன்னும் வாங்குறாங்க. நான் தரலைன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்குவான். ஃபைன் போட்டாலும் 200 ரூபாய்தானே"ங்கிறார். அந்தக் கணக்கு நிஜம்தான், அதுதான் வயித்தைக் கலக்குது. 2003 புகையிலைச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விற்கக் கூடாது. பள்ளி எல்லைச் சுவர்ல இருந்து 100 கெஜத்துக்குள்ள யாருக்குமே விற்கக் கூடாது. ஆனா அபராதம் அதிகபட்சம் 200தான். சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவுல 7 வருஷம் வரை ஜெயில் இருக்குன்னு எடுத்துச் சொன்னேன். முகம் மாறுச்சு, விற்பனை மாறலை.

தலைமையாசிரியர்கிட்ட சொல்லியாச்சு. எழுத்துல புகாரும் கொடுத்தோம். அதிகாரிங்க வந்து ஃபைன் போட்டாங்க, மறுநாளே பாக்கெட் மறுபடி வெளிய வந்துடுச்சு.

சேலத்துல இப்படி ஒரு கடையில விற்பனையை நிரந்தரமா நிறுத்த வெச்சவங்க, எந்த அதிகாரிகிட்ட, எந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுத்தீங்க?